பொறிக்கு மொழிபெயர்த்தல்: கான்பூர்க் கணிப்பொறியும் ஃபோர்ட்ரானும்

கணிப்பொறி என்பது இன்று எமது மாணவர் அனைவர்க்கும் பழகிப்போன பொருள். ஆயினும் மனிதர் எழுதுவதை அப்பொறி எங்ஙனம் விளங்கிக்கொள்கின்றது என வினவினால், "கம்பைலர் என்றொன்று உண்டு" என்பதற்கு மேல் விடை கூறுவோர் சிலரே. தமிழாசிரியராகிய எமக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் செய்யவுங்கூடும். கம்பைலர் செய்வது மொழிபெயர்ப்பு. அது பார்ப்பது இலக்கணம். ஆதலின் இது எமது எல்லைக்குப் புறம்பானதன்று.

பொறி அறிந்தது இலக்கங்களாலாகிய கட்டளைகளை மட்டுமே. ஐ. பி. எம். 1620 என்னும் பழைய பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கட்டளை பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது. முதலிரண்டும் செய்யவேண்டிய தொழிலைக் குறிக்கும். எஞ்சிய பத்தும், ஐந்தைந்தாக, நினைவகத்தில் உள்ள இரண்டு இடங்களைக் குறிக்கும். 21 என்றால் கூட்டு. 22 என்றால் கழி. இவ்வாறு ஆயிரக்கணக்கான இலக்கங்களைப் பிழையின்றி எழுத வல்லவர் மிகச் சிலரே. ஏனையோர் தமது கணக்கை அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

இந்நிலையில் இருவகை மொழிபெயர்ப்பாளரை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்திற் காலைப் பிரட்டு நடைபெறுகின்றது. துரை ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல, கங்காணி அதனைத் தமிழிற் சொல்லுகின்றார். பின் அடுத்த வசனம். வேலை முடியும்வரை அவர் அருகில் நின்றேயாதல் வேண்டும். மறுநாள் அதே கட்டளை பிறந்தாலும் மீண்டும் அவரே வேண்டும். இஃது ஒரு வகை. மற்றொருவரோ முழுக் கட்டளையையும் ஒருமுறை வாங்கி, முற்றாகத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு அகன்றுவிடுகின்றார். அதன்பின் அந்தத் தாளே போதும், ஆள் வேண்டியதில்லை. இவ்விரண்டாம் வகையினதே கம்பைலர். கங்காணி தம் மனம்போற் சிலவற்றைக் கூட்டியுங் குறைத்தும் சொல்லக்கூடும். கம்பைலர் அவ்வாறு செய்யாது, விளங்காதவிடத்து மறுத்துவிடும்.

பாடநூல்கள் இதனைத் தொகுப்பான், தொகுப்பி என்றெல்லாம் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பதைத் தொகுப்பதாகச் சொல்லலாமா என்று நாமும் ஐயுற்றதுண்டு. ஆயின் பெயருக்குக் காரணம் இருக்கின்றது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆக்கிய ஏ-0 என்னும் முறை, முன்னரே எழுதிவைத்த துணைநிரல்களைத் தேடியெடுத்து ஒன்றாக்கித் தந்தது. அதாவது தொகுத்தது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அவ்வழக்கின்படி நோக்கின் பொறி தொகுப்பான், அதனை ஏவும் மாணவன் தொகுப்பிப்பான் என்று கொள்ளலாம் போலும்.

கணிதச் சூத்திரங்களை எழுதியவாறே ஏற்கும் ஃபோர்ட்ரான் மொழியை ஜான் பாக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஐ. பி. எம். நிறுவனத்தில் ஆக்கினர். 1954இல் தொடங்கிய வேலை 1957இலேயே ஐ. பி. எம். 704 பொறிக்குரிய கம்பைலராக வெளிவந்தது. அக்கம்பைலரைப் பொறியின் நிலைக்கு இறங்கி மனிதரே எழுதவேண்டியிருந்தது. சிலர் ஒருமுறை பட்ட பாடு, பின்வந்தோர் எல்லார்க்கும் அந்தப் பாட்டை நீக்கிற்று.

அதன் பயனை எமது அண்டை நாட்டிற் காணலாம். 1959இல் நிறுவப்பெற்ற கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ. பி. எம். 1620 வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது சேர்ந்து அக்கழகத்துக்கு உதவிய காலம் அது. பெர்க்லியிலிருந்து ஹாரி ஹஸ்கியும், பிரின்ஸ்டனிலிருந்து ஃபோர்மன் ஆக்டனும் இர்விங் ராபினோவிட்சும் வந்து பொறியை நிலைநிறுத்த உதவினர். ஹஸ்கி 1947இல் இங்கிலாந்தில் அலன் டியூரிங்குடன் பணியாற்றியவர். அதே 1963இல் ஈரோட்டிற் பிறந்த தமிழரான வை. இராஜாராமன் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்தப் பொறியிற் கம்பைலரை ஏற்றுதல் இன்றுபோல் ஒருநாட் செய்து மறந்துவிடும் கருமம் அன்று. அடிப்படை அமைப்பில் அதன் நினைவகம் 20,000 இலக்கங்கள்; கூட்டிக்கொண்டாலும் 60,000. மொழிபெயர்ப்பானும் மொழிபெயர்த்த செய்நிரலும் ஒருங்கே தங்க அங்கே இடமில்லை. துளையட்டை கொண்டு இயங்கும் 1620இல் முறை இவ்வாறு அமைந்தது. கம்பைலர் என்பது ஓர் அட்டைக்கட்டு. முதலில் அதன் முதற்பகுதியை வாசிப்பானில் வைத்து ஏற்றுவர். பின்னர் மாணவனின் அட்டைகள் செல்லும். ஒவ்வோர் அட்டையிலும் 80 நிரல்கள். முதலைந்தில் வரியெண், ஆறாவதில் தொடர்ச்சிக்குறி, 7 முதல் 72 வரை வாக்கியம். ஓரிடம் தள்ளித் துளையிட்டாலும் பொருள் கெடும். பொறி அவற்றை வாசித்து இடைநிலை அட்டைகளைத் துளைத்துத் தள்ளும். அடுத்துக் கம்பைலரின் இரண்டாம் பகுதியை ஏற்றி, இடைநிலை அட்டைகளை ஊட்டினால், பொறிமொழி அட்டைகள் வெளிவரும். இறுதியில் அவற்றையும் துணைநிரல் அட்டைகளையும் ஏற்றிய பின்னரே கணக்குத் தொடங்கும். நிமிடத்துக்கு 250 அட்டை வாசிக்கும்; துளைப்பதோ 125 தான். அட்டைக்கட்டு கைதவறி விழுந்தால் அன்றைய பொழுது அடுக்குவதிலேயே கழியும்.

மற்றொரு விந்தையும் உண்டு. 1620இன் முதல் மாதிரிக்குக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்பாடு நூறு இலக்கமாகவும், பெருக்கல் வாய்பாடு இருநூறு இலக்கமாகவும் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும். பொறி அதனைப் பார்த்துப் பார்த்தே விடை சொல்லும். எவரேனும் தவறுதலாக அவ்விடத்தில் வேறொன்றை எழுதிவிட்டால் கூட்டல் யாவும் பிழைக்கும். வாய்பாட்டை மனனஞ் செய்ய மறுக்கும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனை நாம் சொல்லுவதில்லை.

இனி எமது தோட்டங்களுக்கு அருகிய ஓர் எடுத்துக்காட்டு. கம்பைலர் இலக்கணத்தைப் பார்க்கும், கருத்தைப் பாராது. காற்புள்ளி விடுபட்டாற் பிழையெண்ணைத் தட்டச்சில் அடித்து நின்றுவிடும். கருத்திற் பிழையிருந்தாலோ ஓசையின்றி ஏற்றுக்கொள்ளும். ஃபோர்ட்ரானில் ஒரு விதி உண்டு: ஆங்கிலத்தின் ஐ முதல் என் வரையுள்ள ஆறெழுத்துக்களில் ஒன்றால் தொடங்கும் பெயர் முழுவெண்ணையே கொள்ளும், ஏனைய எழுத்தாற் தொடங்குவன தசமத்தையும் கொள்ளும். மஸ்கெலியாவில் ஒரு மாணவன் கொழுந்து நிறையைக் கணக்கிடச் செய்நிரல் எழுதுகின்றான் என்க. நிறைக்குக் 'கிலோ' என ஆங்கில எழுத்திற் பெயரிடுகின்றான். இயல்பான பெயர்தான். ஆயின் அது 'கே' என்னும் எழுத்தாற் தொடங்குகின்றது. தராசு காட்டிய 17.75 கிலோ, பொறியில் 17 ஆகிவிடும். கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லாது. அட்டைகள் அழகாகத் துளைபட்டு வெளிவரும். செக்ரோலும் ஒழுங்காகவே தோன்றும். நாள்தோறும் அதே நிறை பறித்த பெண்ணொருத்திக்கு இருபத்தைந்து நாளில் 18.75 கிலோ போய்விடும். ஒருநாட் கொழுந்து முழுவதினும் அது மிகுதி. தராசடியிற் குறைத்தால் அவள் கண்ணாற் காண்பாள், வாயாற் கேட்பாள். எழுத்தொன்றினுள் ஒளிந்த குறைவை அவள் எங்ஙனம் காண்பாள்? செய்நிரலை வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவள் பக்கத்தில் இருந்தாலன்றி அது வெளிப்படாது.

வாசிக்கத் தெரிந்தோரைப் பெருக்கும் வேலையையே கான்பூர் செய்தது. பொறியைப் பூட்டிவைக்காது மாணவர் பயன்படுத்தத் திறந்துவிட்டனர். வெளியிடத்து அறிவியலாளர்க்கும் குறுங்காலப் பயிற்சி வகுப்புக்களை நடத்தினர். இராஜாராமன் 1969இல் வெளியிட்ட செய்நிரலாக்க நூல் இந்திய மாணவர் பலர்க்கு முதனூலாயிற்று. இலங்கையிலும் 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்துக்கு ஐ. சி. எல். 1901 பொறி வந்தது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கொழும்பிலே கணித மாணவர்க்குச் செய்நிரலாக்கம் கற்பிக்க அப்பொறியையே பயன்படுத்தினார்.

இன்று ஃபோர்ட்ரான் கம்பைலரை விலையின்றிப் பெற்று, ஒரு சாதாரண மடிக்கணினியிற் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். அட்டை இல்லை, இடைநிலைக் கட்டு இல்லை. ஆயினும் அந்த ஆறெழுத்து விதி இன்றும் நீக்கப்படவில்லை. அதனை விலக்கவேண்டின், 'இம்ப்ளிசிட் நன்' என்னும் வரியைச் செய்நிரலின் தலைப்பகுதியில் எழுதுதல் வேண்டும். எழுதினால், 'கிலோ' எவ்வகை எண் என்று அறிவிக்கும்வரை கம்பைலர் அச்செய்நிரலை ஏற்காது.