பயண முன்பதிவுத் தளங்களை அளக்கும் கோல் எது?

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல்)

முன்னுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். ஆகவே, வீட்டில் யார் வெளியூர் சென்றாலும் பயணச்சீட்டுப் பதிவு செய்வது என் பொறுப்பு. சென்ற ஆண்டு அம்மாவைத் திங்கட்கிழமை காலை சென்னையில் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. ஞாயிறு 14ஆம் தேதி இரவு புறப்பட எண்ணி, ஓர் இணையதளத்தில் அத்தேதிக்குரிய 00.15 மணிப் பேருந்தில் இரண்டு இருக்கைகள் பதிவு செய்தேன். ஞாயிறு இரவு பேருந்து நிலையத்தில் நின்றபோதுதான் உண்மை விளங்கிற்று. அப்பேருந்து சனிக்கிழமை நள்ளிரவு கடந்ததுமே போய்விட்டது! பணம் திரும்பவில்லை, மருத்துவரைக் காண மேலும் மூன்று வாரம் காத்திருந்தோம். "படிச்ச பிள்ளை, நீயே ஏமாந்துட்டியேப்பா" என்றார் அம்மா. தவறு என்னுடையது என்றே அன்று நம்பினேன்.

பொது நெறிகள்

ஒரு தளம் பயன்படுத்த எளியதா என்று ஆராய, வல்லுநர்கள் 'ஹியூரிஸ்டிக்ஸ்' எனப்படும் வழிகாட்டு நெறிகளைக் கையாளுகின்றனர். ஜேக்கப் நீல்சன், ரோல்ஃப் மோலிக் ஆகிய இருவரும் 1990இல் இம்முறையை வகுத்தனர். 1994இல் நீல்சன் அதனைப் பத்து நெறிகளாகச் செப்பனிட்டார். நடப்பதைப் பயனருக்குக் காட்டுதல், அவர் வழக்கில் உள்ள மொழியில் பேசுதல், பிழை நேராமல் தடுத்தல் ஆகியன அவற்றுட் சில. மூவர் முதல் ஐவர் வரை தனித்தனியே ஆராய்ந்து, பின்னர் குறைகளைத் தொகுத்து, அவற்றின் கடுமையை 0 முதல் 4 வரை மதிப்பிடுவர்.

தேர்ந்தெடுக்கும் முறை

பத்து நெறிகளும் நல்லவையே. ஆனால் அவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. கணினிக்கு 00.15 என்பது பிழையன்று; ஆதலால் மேலோட்டமாகப் பார்ப்பவர் அப்பக்கத்துக்கு நல்ல மதிப்பெண்ணே வழங்கிவிடுவார். ஆகவே நெறியிலிருந்து தொடங்காமல், பயணியின் இழப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

தேடல், இருக்கை, பணம் செலுத்தல், சீட்டு, ரத்து எனப் பயணியின் வேலையைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரும், அதனால் என்ன போகும் என்று கேட்க வேண்டும். அத்தவறைப் பிடிக்கும் பொது நெறியைத் தேர்ந்து, ஆம் அல்லது இல்லை என்று விடை கூறத்தக்க கேள்வியாக மாற்ற வேண்டும். அவ்வாறு நான் எழுதிய கேள்விகள் இவை:

1. நள்ளிரவுக்குப் பிந்திய வண்டிக்கு, 'சனி இரவு, விடிந்தால் ஞாயிறு' என்பதுபோல் விளக்கம் உண்டா?

2. முழுக் கட்டணமும் முதலிலேயே தெரிகிறதா? கேளாமலே காப்பீடு சேர்க்கப்படுகிறதா?

3. 'இரண்டே இருக்கைகள்' என்னும் அவசர அறிவிப்பு உண்மைதானா?

4. பணம் பிடிக்கப்பட்டுச் சீட்டு வராவிடில், அடுத்துச் செய்ய வேண்டியது சொல்லப்படுகிறதா?

5. ரத்துக்கான பிடித்தம் பணம் செலுத்துமுன் காட்டப்படுகிறதா?

6. பதிவு செய்தவரின் துணையின்றி, பயணம் செய்பவரே சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் வெறும் வசதிக் கேள்விகள் அல்ல. இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் விலக்கும் 13 ஏமாற்று உத்திகளில், மறைத்து ஏற்றும் கட்டணமும் கேளாமல் சேர்க்கும் பொருளும் பொய் அவசரமும் அடங்கும்.

முடிவுரை

நெறிகளைக் கொண்டு ஆராய்வது விரைவானது, செலவு குறைந்தது. எனினும், உண்மைப் பயனர்களை அமர்த்திப் பார்க்கும் சோதனைக்கு அது ஈடாகாது. ஆறாவது கேள்வியை எந்தப் பட்டியலிலிருந்தும் நான் எடுக்கவில்லை, அம்மாவிடமிருந்து எடுத்தேன். நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டார் அனைவருக்கும் சீட்டுப் பதிவு செய்வோர் பலர் உளர். நாளை நாம் தளங்களை வடிவமைக்கும்போது, திரைமுன் அமர்ந்திருப்பவரை மட்டுமன்றி, பையுடன் பேருந்து நிலையத்தில் நிற்பவரையும் நினைவிற்கொள்வோமாக.