குடையை வாங்கப் போன நாள்

எனக்கு 61 வயது. என் ஆத்திரத்துக்கும், எல்லாரும் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும், கையிலுள்ள தழும்புகளுக்கும் ‘பார்டர்லைன்’ ஆளுமைக் கோளாறு என்று பெயர் இருப்பது 44 வயதில்தான் தெரிந்தது. இப்போது தெரபிஸ்ட் தேடிக் கிளம்பும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் மனநல டாக்டரைப் பாருங்கள். பைபோலாரா, மனச்சோர்வா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல அவர் வேண்டும். ஆனால் ஆளுமைக் கோளாறையே சரிசெய்யும் மாத்திரை இதுவரை இல்லை. கூடவே வரும் சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும்தான் மாத்திரை கொடுப்பார்கள். மீதி வேலை முழுக்கப் பேச்சில்தான் நடக்கும். இது தெரியாமல் எட்டு வருஷம் மருந்துச் சீட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

2. பேச்சு சிகிச்சைக்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைத் தேடுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிந்தவருக்கு சி.ஆர்.ஆர். எண் இருக்கும். அதைத் தயங்காமல் கேளுங்கள். சில வாரப் பயிற்சியோடு ‘கவுன்சிலர்’ பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பரீட்சை பயத்துக்கு அவர்கள் உதவலாம். இந்தச் சுமையை அவர்களிடம் இறக்காதீர்கள்.

3. முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை உண்டு. இந்தக் கோளாறு உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? எந்த முறையில்? ராத்திரி உயிரை விடத் தோன்றினால் நான் என்ன செய்ய வேண்டும்? ‘டிபிடி’, ‘ஸ்கீமா தெரபி’ என்று ஏதாவது ஒரு முறையின் பெயரைச் சொல்லி, அதில் வாரா வாரம் என்ன நடக்கும் என்று விளக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிபிடியை உருவாக்கிய மார்ஷா லினஹன், தானே இளம் வயதில் இப்படித் தவித்து மருத்துவமனையில் இருந்தவர் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த அன்று சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

4. வாரம் ஒருமுறை, குறைந்தது ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் தாங்காது என்றால் வாய்விட்டுக் கேளுங்கள், குறைப்பவர்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது.

5. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒருநாள் தெரபிஸ்ட் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வந்தே தீரும். எனக்கு நாலாவது மாதம் வந்தது. அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். அவர் நம்பரையும் அழித்தேன். அதற்கு முன் மூன்று பேரை இப்படித்தான் விட்டேன். இந்த முறை குடையை அங்கேயே வைத்துவிட்டேன். அடுத்த வியாழன் அதை வாங்கிவரத்தான் போனேன்.

“அன்னைக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“நீங்க கடிகாரத்தைப் பார்த்தீங்க மேடம்.”

“ஆமா, பார்த்தேன். அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

யாரும் அதுவரை ‘ஆமா’ என்று சொன்னதில்லை. ‘நீயா நினைச்சுக்கிற’ என்பார்கள். வீட்டில் நான் பேசப் பேசத் தூங்கிப்போகும் அம்மாவைப் பற்றி அன்றுதான் முழுசாகச் சொன்னேன். என் சிகிச்சை தொடங்கியது அந்த வியாழன்தான் என்பேன். நோய் வெளியே உங்களை என்ன செய்கிறதோ, அதையே அந்த அறைக்குள்ளும் செய்யும். அதைப் பேசித் தீர்க்கத்தான் அந்த அறை. ஆகவே நிறுத்துவதென்றால்கூட, ஒருமுறை போய் முகத்துக்கு நேரே காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

6. சிலரிடம் அந்த ஒருமுறையும் வேண்டாம், உடனே எழுந்துவிடுங்கள்: உடம்பைத் தொடுபவர், வெளியே சந்திக்க அழைப்பவர், ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பவர், நீங்கள் சொன்னதை உங்களைக் கேட்காமல் வீட்டாரிடம் சொல்பவர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

7. கூட வரும் வீட்டாருக்கு ஒன்று. சண்டையில் அந்த நோயின் பெயரை எடுத்து வீசாதீர்கள்.

8. இரவு தாங்கவில்லையா? 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

9. ‘குணம், மாறாது’ என்பார்கள். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் சேர்ந்த 290 பார்டர்லைன் நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 88 சதவீதம் பேருக்கு அந்த நோய்ப் பெயர் பொருந்தாத அளவுக்கு அறிகுறிகள் குறைந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் நிலைக்க அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

10. முதல் நாள், சமீபத்தில் போட்ட மூன்று சண்டைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. தாளைத்தான் நீட்டினேன்.