நடிகர் தேர்வுக்கு வருவோருக்கு

சென்னைச் சபா நாடகங்களில் முதலில் நடிகனாகவும் பிற்பாடு ஒத்திகை நடத்துபவனாகவும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், புது நடிகர்களைப் பொறுக்கி எடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்காரும் பாக்கியமோ தண்டனையோ எனக்கு அடிக்கடி வாய்த்திருக்கிறது. அங்கே வந்து நிற்கும் இளைஞர்களில் பெரும்பாலோர், தங்கள் நடிப்புத் திறமையை மட்டுமே நாங்கள் எடைபோடப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். நாங்களோ, இந்தப் பிள்ளையோடு மாலைதோறும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க முடியுமா, சொன்னதைக் காதில் வாங்கி மாற்றிக்கொள்ளும் சுபாவம் இவனிடம் உண்டா என்பதையே பிரதானமாகக் கவனிக்கிறோம்.

பழைய நாளில் பரீட்சை வேறு விதமாக இருந்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பிற்பாடு பேர்பெற்ற நடிகரான டி. கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பையன்களை வைத்தே நாடகம் போட்ட, ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில், பையனுடைய சாரீரம் ஆர்மோனியத்தில் எத்தனை கட்டைக்கு எட்டுகிறது, கடைக்கோடியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கேட்குமா என்பவையே முதற் கேள்விகளாக இருந்தன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், அதுவரை கொண்டாடப்பட்ட பையன் மூலையில் ஒதுங்க நேர்ந்ததும் உண்டு.

இன்று மைக் வந்துவிட்டபடியால் அந்தக் கவலை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. நம் பாஷையில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. போனானா, போகமாட்டானா, போயிருப்பானா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லிலேதான் அடங்கியிருக்கிறது. அப்படியிருக்க, வாக்கியத்தைக் கம்பீரமாக ஆரம்பித்துவிட்டு மூச்சுத் தீர்ந்துபோய் அதன் வாலை விழுங்கிவிடுகிறவர்கள், அர்த்தத்தையே விழுங்கிவிடுகிறார்கள். வசனத்தை மனப்பாடம் செய்யும்போதே எங்கே மூச்சு எடுப்பது என்று தீர்மானித்துக்கொள்வது இதற்கு நல்ல பரிகாரம்.

எந்த வசனத்தைப் பேசிக் காட்டுவது என்பது அடுத்த பிரச்னை. ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியையும் ‘மனோகரா’வின் தர்பார் காட்சியையும் கேட்டுக் கேட்டு என் காதுகள் காய்த்துப்போயிருக்கின்றன. 1952-இலும் 1954-இலும் திரைக்கு வந்த அவ்விரண்டிலும் சிவாஜி கணேசனுடைய ஏற்ற இறக்கங்கள் அழியாமல் பதிந்துவிட்டதனால், எந்த இளைஞன் பேசினாலும் எங்களுக்கு அவர்தான் கேட்கிறாரே தவிர, எதிரே வியர்வை வழிய நிற்கும் பையன் கேட்பதில்லை. மேலும், நீண்ட வீராவேச வசனத்தில் எதிராளிக்கு இடமே கிடையாது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யைப் போன்ற ஒரு நகைச்சுவை நாடகத்தில், எஜமானன் சொல்வதை வேலைக்காரன் விபரீதமாகப் புரிந்துகொள்ளும் சிறு கட்டத்தை எடுத்துக்கொண்டால், பேசுவதற்கு முன்னால் கேட்கத் தெரிந்தவனா என்பது இரண்டே நிமிஷத்தில் எங்களுக்கு விளங்கிவிடும். ஆனால் எடுத்துக்கொண்ட நாடகத்தை முழுவதும் படித்துவிட்டு வரவேண்டும். ‘இதற்கு முந்தின காட்சியில் என்ன நடந்தது?’ என்று நான் கேட்டால் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

நான் வழக்கமாக வைக்கும் சோதனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரகசியம் வெளிப்படுவதால் நஷ்டமில்லை. கோபமான வசனம் ஒன்றைப் பேசி முடித்தவரிடம், ‘பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, எழுந்துவிடாமல் இதையே மறுபடி சொல்லுங்கள்’ என்பேன். அநேகர் முன்பு செய்ததையே, கை வீச்சுக்கூட மாறாமல், ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாற்போலத் திரும்பச் செய்வார்கள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், முதல் தடவை மிகச் சாதாரணமாகத்தான் பேசினாள். நான் இதைச் சொன்னதும், ‘குழந்தை எந்தப் பக்கம் தூங்குது, சார்?’ என்று கேட்டாள். இடப்பக்கத்துச் சுவரைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே, எதிராளி நிற்பதாகப் பாவித்த இடத்துக்கு இரண்டடி நெருங்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசியபோது, சத்தமாக இருந்த கோபத்தைவிட அந்தச் சன்னமான கோபம் எங்களை அதிகமாகக் கலக்கியது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்திலேயே அவளை எடுத்துக்கொள்வதென்று நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன் என்பதே உண்மை.

முன்பின் பாராத பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், தாளுக்குள் முகத்தைப் புதைக்காமல், ஒரு வரியைக் கண்ணால் அள்ளிக்கொண்டு தலையை நிமிர்த்திச் சொல்லவேண்டும்; வேகம் யாருக்கும் தேவையில்லை. பார்வையை எங்கள் கண்களில் நாட்டுவதைவிட எங்கள் தலைக்குச் சற்று மேலே நாட்டுவது இரு தரப்புக்கும் சௌகரியம். வசனம் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் தொடரலாம்.

தேர்வாகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவே அன்று; அண்ணனாக வருபவர் முன்னமே அமைந்துவிட்டால், தம்பி அவரைவிட அரை அடி உயரமாக இருப்பது கதைக்கு ஒவ்வாது. நல்ல பிள்ளைகளின் பெயர்களை அடுத்த நாடகத்துக்கென்று குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் உண்டாகையால், உயரம், பேசத் தெரிந்த வட்டார வழக்குகள், பாட்டு, சிலம்பம் முதலிய விவரங்களை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது உசிதம். நீச்சல் தெரியும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு எங்கள் மேடையில் இதுவரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.