போர் போடுமுன் தண்ணீரை அளப்போம்



பெற்றோரின் பெயரில் ஸதக்கத்துல் ஜாரியாவாக ஒரு போர் போட்டுக் கொடுங்கள் என்று வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புவது வழக்கம். அப்படி நாம் போட்டுக் கொடுத்த ஒரு போரில் முதல் இரண்டு கோடையும் நல்ல தண்ணீர் வந்தது. மூன்றாம் கோடையில் உப்புக் கரித்தது. அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு உம்மா ஒருவர், "எங்க கிணத்துத் தண்ணியில இப்ப பருப்பு வேகமாட்டேங்குது" என்றார். நன்மையை நாடிச் செய்த காரியம் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சலாகி விட்டதோ என்ற கவலையில்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய வரலாற்றை நாம் அறிவோம். அந்தத் தருமத்தின் உயிர் கிணற்றில் இல்லை. அதில் தொடர்ந்து கிடைத்த நல்ல தண்ணீரில் இருக்கிறது. நீர் ஊறினால்தான் நன்மையும் ஊறும்.

தண்ணீர் ஏன் உப்பாகிறது?

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு நம் ஊரில்தான் கடலோடு கலக்கிறது. கடலோர மண்ணுக்கடியில் நல்ல நீரும் கடல் நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நல்ல நீர் எடை குறைந்ததால் மேலே மிதக்கிறது. மணற்பாங்கான கரையில், நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயரமாக இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நல்ல நீர் நிற்கும் என்பது அறிஞர்கள் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாளடைவில் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். ஆகவே இங்கே "இன்னும் ஆழமாகப் போடு" என்பது பல சமயம் தவறான ஆலோசனை. ஒருமுறை ஏறிய உப்பு எளிதில் இறங்குவதுமில்லை.

ஆறு வந்தால் போதாதா?

2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரி மாநிலத்துக்கென, அதாவது நம் காரைக்காலுக்கென, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த 7 டி.எம்.சி.யை மாற்றவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அதன் பெரும்பங்கு வயலுக்கு உரியது. மேட்டூர் திறந்து, வழியெல்லாம் பாய்ந்து, கடைசியாகத்தான் நம்மை வந்தடைகிறது. அதே 2018 தீர்ப்பில், தமிழ்நாட்டின் டெல்டாவிலுள்ள நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்த மாநிலத்தின் பங்கு குறைக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இருப்பதும் கணக்குக்கு உட்பட்டதே என்பது அதிலிருந்து நமக்கும் பாடம்.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று அளவைகள்

ஒன்று, மட்டம். திறந்த கிணறு உள்ளவர்கள் மாதத்தின் முதல் நாள், ஃபஜ்ருக்குப் பின், மோட்டார் போடுமுன், கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால் கிணற்றின் குணம் தெரிந்துவிடும்.

இரண்டு, உப்பு. டி.டி.எஸ். மீட்டர் என்ற சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எண் மாதாமாதம் ஏறினால் இறைப்பைக் குறைக்க வேண்டும் என்று பொருள். ஆனால் இந்தக் கருவி கிருமியைக் காட்டாது. அதற்குத் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று, வரவு செலவு. ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 675 லிட்டர் செலவு. வரவு மழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 74,000 லிட்டர் மிஞ்சும். அது அந்தக் குடும்பத்துக்கு மூன்றரை மாதச் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் வந்த இந்த வரவைச் சாக்கடையில் விட்டுவிட்டு, சித்திரையில் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

பள்ளிவாசலில் தொடங்குவோம்

ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அவர்கள் ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளு செய்துள்ளார்கள். நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு சட்டைக் கையை மடக்குகிறோம். ஒரு பள்ளியில் ஒரு வக்துக்கு 100 பேர் வந்து, ஆளுக்கு 6 லிட்டர் செலவழித்தால் நாளைக்கு 3,000 லிட்டர். குழாயைப் பாதி திறந்தால் அதில் 1,500 மிச்சம். ஒளு செய்து வழிந்த நீர் மறு ஒளுவுக்கு ஆகாதே தவிர, அது அசுத்தமல்ல. தென்னைக்கும் வாழைக்கும் திருப்பி விடலாம்.

2019-இல் மாவட்ட நிர்வாகம் "நம் நீர்" என்ற திட்டத்தில், ஊர் மக்களின் துணையோடு, நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியது. தூர்வாரிய குளத்தில் குப்பை கொட்டாமல் காப்பதும், வாய்க்காலை அடைக்காமல் விடுவதும் சமயம் பார்க்காத கடமை. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதே நம் மார்க்கத்தின் நிலைப்பாடு.

இனி அறக்கட்டளையில் போர் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவுக்கும் நாம் மூன்று நிபந்தனைகள் வைக்கிறோம். அருகிலுள்ள கிணறுகளின் மட்டமும் உப்பும் முதலில் அளக்கப்பட வேண்டும். 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்தக் கட்டடத்தின் மாடி மழைநீர், மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். கழிவறைத் தொட்டி அதன் அருகில் இருக்கக் கூடாது. முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். அளவு சரியில்லை என்றால், தருமம் செய்பவரின் சம்மதத்தோடு அந்தப் பணத்தைப் பழைய கிணற்றைத் தூர்வாரவோ மழைநீர்த் தொட்டி கட்டவோ செலவிடுவோம். பூமியில் இறங்கும் மழையும் ஸதக்கத்துல் ஜாரியாதான், இன்ஷா அல்லாஹ்.

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கிணற்று மட்டத்தை எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுகளை ஜமாஅத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். எந்தத் தெருவில் உப்பு ஏறுகிறது என்பதை நம் பிள்ளைகளின் கையெழுத்தே நமக்குச் சொல்லும்.

நமக்கும் நமக்குப் பின் வருவோருக்கும் இனிய நீரை நிலைக்கச் செய்ய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.