முகத்துடிப்பு

கண் துடித்தலைக் குறியாகக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டிற் பழமையானது. ஆடவர்க்கு வலக்கண்ணும் பெண்டிர்க்கு இடக்கண்ணும் துடித்தல் நன்றென்பர். அசோகவனத்துச் சீதை தன் கண் துடித்ததைத் திரிசடைக்கு உரைத்ததாகக் கம்பரும் பாடியுள்ளார். குறி நிற்க, இத்துடிப்பைப்பற்றி மருத்துவ நூலார் கூறுவது யாதென ஆராய்வோம்.

உறக்கக் குறைவாலும், மிகுதியான காப்பியாலும், மனக்கவலையாலும் இமையோரம் துடிப்பதுண்டு. அது சின்னாளில் தானே அடங்கும், மருந்து வேண்டுவதில்லை. ஈண்டு நாம் எடுத்துக்கொண்டதோ அரைமுகத் துடிப்பென்னும் நோய். அது பெரும்பாலும் ஒரு கண்ணின் இமையில் தோன்றி, மாதங்களும் ஆண்டுகளும் செல்லச்செல்லக் கன்னத்திற்கும் வாயின் கடைக்கும் இறங்கும். பழக்கத்தால் வரும் முகவெட்டைச் சற்றுநேரம் அடக்கலாம், இதனை அடக்கலாகாது. உறக்கத்திலும் இது தொடர்வதுண்டு. துடிப்பின்போது கண் மூட, அப்பக்கத்துப் புருவம் மேலெழுவதைப் பாபின்ஸ்கி என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1905ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இவ்விரண்டையும் ஒருவன் வேண்டுமென்றே ஒருங்கு செய்தல் அரிது.

இதன் காரணம் யாதெனின், மூளையினின்று புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவது முகத்தசைகளை இயக்குவது. அது வெளிப்படும் இடத்தில் நாடியொன்று அதன்மேற் சாய்ந்து அழுத்தினால், நரம்பின் உறை தேய்ந்து, மூளை ஏவாமலே தசைகள் இயங்கும். அரிதாகக் கட்டியும் அழுத்துவதுண்டு. ஆகலின் காந்தப்படம் எடுத்துப் பார்ப்பர்.

ராயபுரத்தார் ரணஜன்னியையும் மறத்தலாகாது. துறைமுகத்திலும் பட்டறைகளிலும் ஆணி முதலியவற்றாற் காயமுற்றவனுக்குத் தாடை இறுகி, முகத்தின் இருபுறமும் இளிப்புப்போல இழுக்குமாயின், அது அரைமுகத் துடிப்பன்று. உயிர்க்கு இறுதி செய்வது. கணமும் தாழாது மருத்துவமனை சேர்க்க.

அரைமுகத் துடிப்பு உயிரைக் கொல்லாதேனும் வாழ்வைக் குலைக்கும். பாரந்தூக்கி இயக்குவோனுக்குக் கண் தானே மூடுதல் ஆபத்து. பெண்ணொருத்திக்கு நேரின், கண் சிமிட்டுகிறாளென்று ஊரார் பழி தூற்றுவர். அவள் செய்யாத குற்றத்திற்கு நாணி வீட்டினுள் ஒடுங்குவாள்.

தீர்க்கும் வழிகள் உள. வலிப்புக்குரிய மாத்திரைகள் சிலர்க்கே சிறிது பயன்படும். பொட்டுலினம் என்னும் நஞ்சினை மிகச்சிறிய அளவில் துடிக்கும் தசைகளிற் குத்தினால், சில நாட்களில் துடிப்பு அடங்கும். ஏறக்குறைய மூன்று நான்கு திங்களுக்கொருமுறை மீண்டும் குத்துதல் வேண்டும். வேரறுக்கும் வழி சத்திரசிகிச்சையே. காதின் பின்னே மண்டையைத் திறந்து, நரம்பிற்கும் நாடிக்கும் இடையே சிறு பஞ்சுபோன்ற பொருளை வைப்பர். அமெரிக்கராகிய ஜனெட்டா 1960களில் இதனைச் செப்பமுறச் செய்தார். பெரும்பாலோர் நலமடைவர், எனினும் செவிநரம்பு அருகிலிருத்தலாற் சிலர்க்குக் கேள்வி குன்றவுங்கூடும். ஆகலின் ஆய்ந்தே துணிதல் வேண்டும்.

மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியென வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உளது. அதன் பள்ளி 1938ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியாயிற்று. நரம்பியல் வல்லார் அங்கிருக்க, மந்திரிப்பவனை நாடிப் பொருளிழத்தல் அறிவுடைமையாகாது. துடிக்கும் முகத்தைக் கண்டு நகைப்பதை விடுத்து, அவரை மருத்துவரிடம் செலுத்துதல் கற்றோர் கடனாகும்.