புயல் அறிவிப்பின் சொற்களும் இல்லத்தார் கடமைகளும்

'புயல்' என்னும் சொல் பண்டைத் தமிழில் அச்சம் தரும் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. வள்ளுவப் பெருந்தகை வான்சிறப்பு அதிகாரத்தில் இச்சொல்லை ஆளுமிடத்து, உழவர்க்கு வளம் சேர்க்கும் மழையையே குறிக்கின்றார். மேகத்தையும் மழையையும் சுட்டிய சொல், காலப்போக்கில் அம்மழையோடு வரும் கொடுங்காற்றைச் சுட்டலாயிற்று. 'சூறை' என்பதோ இருபொருள் தாங்கி நிற்பது. சுழல்காற்றும் சூறையே, கொள்ளையும் சூறையே. இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிய நம் முன்னோரின் பட்டறிவை வியவாமல் இருக்க இயலவில்லை.

இன்று வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் தரும் வானிலை அறிவிப்புகளில் நல்ல தமிழ்ச் சொற்கள் பல வழங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் அவற்றை நாள்தோறும் செவிமடுக்கின்றோம். பொருளுணர்ந்து கேட்கின்றோமா என்பதே வினா. அச்சொற்கள் ஒவ்வொன்றும் இல்லத்தில் ஏதேனும் ஒரு பணியைச் செய்யுமாறு நம்மை ஏவுகின்றன. அவற்றுள் இன்றியமையாத சிலவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

மண்டலமும் புயலும்

'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி', 'தாழ்வு மண்டலம்', 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்', 'புயல்', 'தீவிரப் புயல்' என்பன வெறும் அடைமொழிகள் அல்ல. காற்றின் விரைவை அளந்து இட்ட பெயர்கள். காற்று மணிக்கு 62 கி.மீ. விரைவை எட்டினால் அது புயல், 89 கி.மீ. எட்டினால் தீவிரப் புயல், 118 கி.மீ. எட்டினால் மிகத் தீவிரப் புயல். ஈண்டு ஒரு கணக்கு நினைவிற்குரியது. காற்றின் விரைவு இரு மடங்காயின், சுவரின் மீதும் கூரையின் மீதும் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். 'தீவிர' என்னும் ஓர் அடைமொழி கூடுங்கால் கூரைக்கு நேரும் சோதனை எத்துணைப் பெரிது என்பதை இதனால் உணரலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த 'கஜா' இதற்குத் தக்க சான்று. அப்பெயரை வழங்கிய நாடு இலங்கை, பொருள் யானை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை அது யானை புகுந்த நிலமாகவே ஆக்கிச் சென்றது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்கள் பல நாள்கணக்கிலும் சில வாரக்கணக்கிலும் இருளில் கிடந்தன. ஒரு பொழுதுக்கு மெழுகுவத்தி வாங்கி வைப்பதே முன்னேற்பாடு என்று கருதியிருந்த இல்லங்கள், மின்சாரமின்றிக் குடிநீரும் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தன.

கூரை எவ்வாறு போகின்றது? காற்று மேலிருந்து அதனை அமுக்குவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. காற்றெதிர்ப்பக்கச் சன்னல் ஒன்று உடைந்து காற்று உட்புகுந்துவிட்டால், உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து உறிஞ்சுவதும் ஒன்றுசேர்ந்து கூரையைப் பெயர்த்தெடுக்கின்றன. ஆதலின் கதவின் தாழ்ப்பாளும் சன்னலின் கொக்கியும் கூரைக்கே காவலாகும். தகரக் கூரையாயின் அதன் ஆணிகளை மழைக்காலம் தொடங்குமுன் ஆராய வேண்டும். கீற்றுக் கூரையாயின் கயிற்றால் வலைபோற் பின்னிப் போர்த்து, முளைகளில் இழுத்துக் கட்ட வேண்டும். வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையில் காய்க்குலைகளையும் முதிர்ந்த மட்டைகளையும் கழித்துவிட்டால் அதன் தலைப்பாரம் குறையும். மேல்மாடியிலுள்ள நீர்த்தொட்டியை நிரப்பி வைத்தல் இருவகையில் நன்று: நீரும் இருக்கும், தொட்டியும் பறவாது. இவை யாவும் ஓய்ந்த நாளில் செய்யத்தக்க பணிகள். காற்று எழுந்தபின் ஏணியில் ஏறுவோர் உயிரோடு விளையாடுகின்றனர்.

காலக் கணக்கு

வானிலைத் துறையின் அறிவிப்பு நான்கு படிகளாக வருவது. ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன் 'முன்கண்காணிப்பு', 48 மணி நேரத்திற்கு முன் மஞ்சள் நிற எச்சரிக்கை, 24 மணி நேரத்திற்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்திற்கு முன் சிவப்பு. முதற்படியில் மருந்து, அரிசி, பருப்பு, குழந்தைக்குரிய பால்மாவு ஆகியன வாங்கப்பட வேண்டும். இரண்டாம் படியில் குடும்ப அட்டை, நிலப்பத்திரம், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ்கள், நிக்காஹ் பதிவு ஆகியவற்றை நீர் புகாப் பையிலிட்டு ஒரே இடத்தில் வைத்தல் வேண்டும். பேறுகாலம் நெருங்கிய பெண்களை மருத்துவமனைக்கு அருகே கொண்டுசேர்ப்பதும் இப்படியிலேயே ஆக வேண்டும். மூன்றாம் படி, வெளியேற வேண்டியோர் வெளியேறுவதற்குரியது. நான்காம் படியில் செய்வதற்கு எஞ்சியது ஒன்றே: இருக்குமிடத்தில் இருத்தல்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். 1 முதல் 11 வரையிலான அவ்வெண்கள் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியவை. 'கூண்டு மூன்றுதானே' என்று வீட்டார் அமைதி கொள்வது பொருந்தாது. பதினோராவது எண்ணுக்கோ புயலின் கடுமை பொருளன்று. வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

ஓதமும் வெளியேற்றமும்

புயலில் உயிர்களைப் பெரிதும் கொள்வது நீர். புயலின் காற்று கடல்நீரைக் கரைமேல் ஏற்றுவதைப் 'புயல் அலை' என்றும் 'கடல்நீர் மட்டம் உயர்தல்' என்றும் அறிவிப்பில் கூறுகின்றனர். இலக்கியத்தில் நாம் பயிலும் 'ஓதம்' என்னும் சொல் இதற்கு மிகவும் பொருந்தும் என்பது நம் கருத்து. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்ததும், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு தொடர்வண்டியைக் கொண்டுசென்றதும் இத்தகைய நீரே. நம் கிழக்குக் கரையில், புயல் கடக்கும் இடத்திற்கு வடக்கே அமைந்த ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலம் நோக்கி வீசும். ஓதம் அங்கேயே மிகும். ஆகவே 'எங்குக் கடக்கின்றது' என்பதோடு 'நாம் அதற்கு வடக்கா, தெற்கா' என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

தாழ்வான கரையோரத்தில் வாழ்வோர், எத்துணை உறுதியான வீடாயினும், அறிவிப்பு வந்தால் வெளியேறியே ஆக வேண்டும். இங்கேதான் நம் சமுதாயத்தின் தயக்கங்கள் குறுக்கிடுகின்றன. 1991 ஏப்ரல் 29 இரவில் வங்கதேசத்தின் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஓர் இலட்சத்திற்கும் மிகுதியானோர் மாண்டனர். அவர்களுள் பெண்களின் இறப்பு ஆண்களினும் பன்மடங்கு மிகுதி. ஆடவர் நிறைந்த புகலிடத்திற்குச் செல்ல நாணியதும், கணவர் வரட்டும் எனக் காத்திருந்ததும், குழந்தைகளை விட்டுப் பிரியாததும் அதற்குரிய காரணங்களுள் அடங்கும். பின்னர் அந்நாட்டினர் புகலிடங்களில் பெண்களுக்குத் தனியறை அமைத்தனர். எச்சரிக்கை சொல்லும் தொண்டர் அணியில் பெண்களையும் சேர்த்தனர்.

நம் கடற்கரை ஊர்களில், வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆடவர் பொருளீட்ட, முதியோரும் பெண்களும் குழந்தைகளுமே இருக்கும் இல்லங்கள் பல. 'அத்தாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாம்' என்னும்போது தொலைபேசிக் கோபுரம் சாய்ந்திருக்கக்கூடும். எனவே யார், எப்போது, எங்கே செல்வது என்பதை மழைக்காலத்திற்கு முன்பே குடும்பத்தில் பேசி, அனுமதியையும் அப்போதே பெற்றுவிடல் வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண் வெளியேறலாகாதே என்னும் ஐயமும் எழுவதுண்டு. வீடு இடியும் என்ற அச்சம், வெள்ளம், உயிரச்சம் ஆகியவற்றால் வெளியேறப் பிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. இதனை ஊர் ஆலிம்கள் புரட்டாசியிலேயே மேடையில் எடுத்துரைப்பார்களாயின், கார்த்திகையில் ஒரு மூதாட்டியோடு வாதிட்டு நிற்கும் நேரம் மிச்சமாகும். ஜமாஅத்தார் பள்ளிவாசல் மண்டபத்தையோ மதரஸாவையோ புகலிடமாக்குங்கால் பெண்களுக்குத் தனிப்பகுதியும் தனிக் கழிப்பறையும் ஒதுக்குவது ஆடம்பரமன்று. அவை இல்லையேல் அவர்கள் வரமாட்டார்கள்.

ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசலை நாடிச் செல்லும் பெரியவர்கட்கும் ஒரு செய்தி உண்டு. குளிரும் மழையும் மிக்க இரவுகளில், மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு சேர்த்து அறிவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தமை ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. புயலிரவில் மோதினார் அதனை அறிவித்தல் தக்கதே. ஒலிபெருக்கிக்கு மின்கலம் உண்டா என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

'கரையைக் கடந்தது'

இச்சொற்றொடரைக் கேட்டவுடன் பலர் கதவைத் திறந்துவிடுகின்றனர். மையம் கடற்கரைக் கோட்டைத் தாண்டியது என்பதே இதன் பொருள். புயல் முடிந்தது என்பதன்று. வலுமிக்க புயலின் நடுவே 'கண்' என்னும் அமைதிப் பகுதி இருப்பதுண்டு. அது தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கும்; சில வேளைகளில் விண்மீன்களும் தெரியும். நம் கரையில் அதற்குமுன் வடக்கிலிருந்து வீசிய காற்று, கண் நகர்ந்தபின் திடுமெனத் தெற்கிலிருந்து அதே வன்மையோடு திரும்பும். தென்றலெனப் புலவர் போற்றும் திசையிலிருந்தே அது வரும் என்பது விந்தை. வடபுறக் கதவுகளுக்கு மட்டும் முட்டுக் கொடுத்தவர் ஏமாறுவது அப்போதுதான். அமைதி கிட்டியதும் சாய்ந்த மரத்தைக் காணவும் படகைப் பார்க்கவும் வெளியே செல்வோர் வெட்டவெளியில் சிக்கிக்கொள்கின்றனர். அவ்விடைவேளையில், கூரை பழுதுற்ற அறையை விட்டு வீட்டினுள்ளேயே வலுவான அறைக்கு மாறுதல் ஒன்றே செய்யத்தக்கது.

விடிந்தபின் அறுந்து கிடக்கும் எந்த மின்கம்பியையும் உயிருள்ளதாகவே கொள்ள வேண்டும். ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ மூடிய திண்ணையிலோ இயக்கினால் அதன் புகை மணமின்றியே உயிரைப் போக்கும். திறந்த வெளியில் வைத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைப் பிளீச்சிங் தூளிட்டுத் தூய்மை செய்து, குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிய பின்னரே பருக வேண்டும். அலமாரியின் அடியிலும் விறகுக் கட்டிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். குழந்தைகளை உள்ளே விடுமுன் கோலால் தட்டிப் பார்ப்பது நன்று.