ஒளி தீட்டும் இறகுகள்

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களின் செம்பருத்தி வேலிகளில் காலை வேளையில் கரிய சிறு பறவை ஒன்று வந்தமர்வதுண்டு. கதிரொளி பட்டதும் அதன் கருமை நீலமாகவும் ஊதாவாகவும் மின்னும். அதுவே ஊதாத் தேன்சிட்டு.

இதனை ஓசனிச்சிட்டு எனப்படும் ஹம்மிங் பறவை என்று கருதுவோர் பலர். ஏறத்தாழ 360 இனங்களைக் கொண்ட ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. அவற்றுக்கு நெருங்கிய உறவு உழவாரக் குருவிகளே. அந்தரத்தில் நின்று தேனருந்துவது அவற்றின் இயல்பு. தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே அருந்தும். உறவால் வேறுபட்ட இவ்விரு குடும்பங்களும் பூந்தேனை நாடியதால் நீண்ட அலகும் குழல்போன்ற நாவும் பெற்றன. இதனைக் குவி பரிணாமம் என்பர்.

இவ்விரண்டின் பளபளப்புக்கும் சாயம் மட்டும் காரணமன்று. இறகின் நுண்ணிழைகளில் கருநிறமித் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவ்வடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று இணைந்து சில நிறங்களை மிகுவிக்கின்றன. அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. நிழலில் அதே இறகு கருமையாய்த் தோன்றுகிறது.

வடதமிழகச் சமவெளியில் மூவகைத் தேன்சிட்டுகளைக் காணலாம். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் கடந்தபின் மின்னும் கோலத்தைக் களைந்து, மஞ்சள் வயிற்றின் நடுவே கருங்கோடு மட்டும் தாங்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு உச்சி பச்சை, வயிறு மஞ்சள். நீண்டு வளைந்த அலகுடைய லோட்டன் தேன்சிட்டு, 18ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட டச்சு ஆளுநரின் பெயரைத் தாங்கியது.

பெண் பறவைக்கு இத்தகைய மினுமினுப்பு இல்லை. அடைகாக்கும் அதற்கு மங்கிய நிறமே காப்பு. நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்து, பை போன்ற தொங்குகூட்டை அது அமைக்கிறது. நுழைவாயிலின் மேல் சிறு கூரையும் உண்டு. பூச்செடி தேனளிக்கிறது, சிலந்தி கூட்டுக்கு நூலும் குஞ்சுக்கு இரையும் ஆகிறது. உயிர்வேலியை அகற்றிக் கம்பிவேலி இடும்போது இவையனைத்தும் ஒருசேர மறைகின்றன.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகிறது. தோட்டத்தைப் பேணுதல் ஊரின் பொதுக்கடன் என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த மண் அது. அம்மண்ணில் ஒரு செம்பருத்திப் புதரைக் காப்பதும் அக்கடனின் தொடர்ச்சியே.